என் குப்பைக்கு ஒரு பட்டா வேண்டி

அனுப்புநர்: குப்பை உரிமையாளர், நீலாங்கரைக் கடற்கரை, சென்னை.

பெறுநர்: கடற்கரையைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் உயரதிகாரி அவர்கள்.

பொருள்: எனக்குச் சொந்தமான குப்பைக்குப் பட்டா வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் ரூ. 500 அபராத ரசீது.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஞாயிறு காலை நானும் என்னைப்போல் வேறு வேலை இல்லாத சிலரும் மணலில் பொறுக்கியதை 11 சாக்குகளில் கட்டி, வண்டி வரும் என்று தங்கள் அலுவலகம் சொன்ன தெருமுனையில் வைத்தோம். வண்டி வரவில்லை. ரசீதுப் புத்தகம் வந்தது. அரிசிச் சாக்காயிற்றே, அடுத்த வாரத்துக்கும் வேண்டுமே என்று மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றிலும் என் பெயரை எழுதியிருந்தேன். தங்கள் பணியாளர் அதைப் படம் பிடித்துக்கொண்டே கேட்டார்: "சாக்குல பேரு உங்களுதுதானே சார்? அப்ப குப்பையும் உங்களுதுதான்."

பொது இடத்தில் குப்பை கொட்டிய குற்றத்துக்கு 500 ரூபாய்.

ஐயா, இத்தனை வயதுக்கு என் பெயரில் அரை சென்ட் நிலம் கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதுவும் கடலைப் பார்த்தபடி, என்னை ஓர் உரிமையாளராக்கிய தங்கள் பெருங்கருணையை ஏழேழு பிறவிக்கும் மறவேன். வாங்கிய கையோடு பத்திரமும் முடித்துவிடலாம் என்று சொத்து விவரம் தருகிறேன்.

ஷாம்பு பாக்கெட்டுகள், ஏராளம். செருப்புகள், ஜோடி சேராதவை. அறுந்த நைலான் வலை, ஒரு கட்டு. தண்ணீர் பாக்கெட்டும் ஸ்ட்ராவும் ஒரு சாக்கு நிறைய. 2019 ஜனவரி 1 முதல் இவை இரண்டும் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை என்பதால், பாட்டனார் காலத்துச் சொத்தாக இருக்க வேண்டும். பார்க்கப் புதுசாக இருப்பது கடல் காற்றின் மகிமை. கடைசியாக, தங்கள் தலைமையில் நடந்த தூய்மைக் கடற்கரை விழாவின் ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று. மண்ணில் பாதி புதைந்தும் தங்கள் திருமுகம் சிரித்தபடியே இருந்தது. அதுவும் எனக்குத்தான் சொந்தமா, இல்லை கூட்டுப்பட்டாவா என்று தெளிவுபடுத்த வேண்டுகிறேன். வாரிசுச் சான்றுக்கும் மனுப் போட்டிருப்பேன். என் மகன் பாகப்பிரிவினையில் தனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

தங்கள் பணியாளரின் தர்க்கம் பரவினால் சில சிக்கல்கள் வரும். 1988 முதல் இந்தக் கரையில் மாணவர்கள் இரவில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். அவர்கள் மகப்பேறு நிதியுதவி கேட்டு வந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். முடிந்தால் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் உயர்கோபுர விளக்கை மட்டும் அணைத்து வைக்கலாம். குஞ்சு வெளிச்சமான பக்கம்தான் ஓடும். ஊர் இருட்டாக இருந்தால் அது கடல். தங்கள் விளக்கு எரிந்தால் அது சாலை.

2025 ஜனவரியில் இதே சென்னைக் கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. ஆமையும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டினால் வரமுடியாது, மூழ்கித்தான் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று சட்டம். வலையில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று விதி. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் இந்த ஆமையும் இருக்கிறது. அந்த நாற்றத்தில் நாங்கள் நின்றபோது ரசீதுப் புத்தகத்தோடு ஓர் ஆள்கூட அந்தப் பக்கம் வரவில்லை. எவனிடம் பயமோ அவனிடம் போகமாட்டீர்கள். குனிந்து பொறுக்குகிறவன்தான் கைக்கு எட்டுவான், அவனிடம் வருவீர்கள்.

பொறுத்தருள வேண்டும், ஐயா. சொத்துக்காரன் ஆனதும் வாய் நீண்டுவிட்டது. ஆமையின் ஓட்டில் யாரும் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி வைக்கவில்லை. தாங்கள்தான் என்ன செய்ய முடியும்?

ஆனால் சாக்கைப் படம் பிடித்தவர் கொஞ்சம் அவிழ்த்தும் பார்த்திருக்கலாம். வெளியே ஒரு பெயர்தான். உள்ளே ஆயிரம் பெயர், ஊர், பின்கோடோடு அச்சடித்துக் கிடந்தது. 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளின்படி, விற்ற உறையைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு அந்தப் பெயர்க்காரர்களுடையது. சக உரிமையாளர்களை விட்டுவிட்டு எனக்கு மட்டும் இத்தனை மரியாதை செய்வது கூச்சமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குப்பை உரிமையாளர்.

இணைப்பு:
1. அபராதம் கட்டிய ரசீது நகல்.
2. ஷாம்பு பாக்கெட், ஒன்று (கழுவியது). பின்பக்கம் முகவரி தெளிவாகத் தெரிகிறது. அடுத்த ரசீதை அங்கே அனுப்பவும். அஞ்சல் செலவை நான் ஏற்கிறேன்.