ஹவாய் செருப்போடு வந்துவிடாதீர்கள்

பெர்லின்,
மே 11

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஜூலையில் நீங்களும் சித்தியும் இங்கே வருவது உறுதியானதில் எனக்கு ஏக சந்தோஷம். ஆனால் போனில், “வெயில் காலம்தானேடா, கால்ல போட ஹவாய் போதும்” என்றீர்களே, அதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து வெள்ளைக்காரன் காலுக்கு ஒரு தையல் பிசகாமல் ஷூ அப்பர் அனுப்பிய மனிதர், தன் காலுக்கு மட்டும் ரப்பர் செருப்பு என்று வைராக்கியமாக இருப்பது எனக்கு இன்னும் புரிந்தபாடில்லை.

இந்த ஊர் நடைபாதையின் லட்சணத்தைக் கேளுங்கள். நடுவில் பெரிய கருங்கல் பலகைகள். மேலே தட்டை, மண்ணுக்குள் இருக்கும் அடிப்பக்கம் தொப்பை. அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் பன்றி வயிறு. இரண்டு ஓரத்திலும் கைக்குள் அடங்குகிற சின்னச் சின்னக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். பழைய தெருக்களில் சாலையே உருண்டைக் கல்தான். பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கச் சரளை தூவுவார்கள். பனி போன பிறகும் அது போகாது, செருப்புக்குள் வந்து குடியேறும். தெருமுனையில் ஆட்டோ கிடையாது. பஸ்ஸுக்கு நடை, ரயிலுக்கு நடை, ரயில் மாற மாடிப்படி ஏறி இறங்கி மறுபடியும் நடை. ஹவாய் போட்டு நடந்தால் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். செருப்பு நழுவாமல் இருக்க விரல்கள் நாள் முழுக்க அதைக் கவ்விக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் கெண்டைக்கால் கணக்குக் கேட்கும். மழை பெய்தால் கருங்கல் வழுக்கும், அது வேறு.

அதனால் இங்கே செருப்பு விளையாட்டு விஷயமில்லை, ஒரு குடும்பத்துக்கே அது பரம்பரை விவகாரம். பிர்கென்ஸ்டாக் என்று ஒரு வகையறா. அந்தக் குடும்பத்து முன்னோர் ஒருவர் செருப்பு தைப்பவர் என்று 1774ஆம் வருடத்துச் சர்ச் பதிவேட்டில் இருக்கிறதாம், அதையே பரம்பரைப் பெருமையாகச் சொல்கிறார்கள். 1890களில் பாத வளைவுக்குத் தகுந்த லாஸ்ட் அச்சு செய்தது ஒரு தலைமுறை. அதே வளைவைச் செருப்புக்குள் வைத்து 1963இல் ஒற்றை வார் சாண்டல் விட்டது இன்னொரு தலைமுறை. அதன் பெயர் மாட்ரிட். இரண்டு பக்கிள் வைத்தது அரிசோனா, 1973. கார்க் தூளையும் ரப்பர் பாலையும் கலந்து அடித்தளம், அதன் மேல் மெல்லிய ஸ்வேட் தோல். விலை தொண்ணூறு யூரோ வாக்கில். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால், பரதன் மாதிரி சிம்மாசனத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடக்கலாம் என்று தோன்றும்.

இதே அச்சில் செருப்பு செய்து விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டு, ‘எங்கள் சாண்டல் ஒரு கலைப்படைப்பு’ என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 2025 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: கலை இல்லை, செருப்புதான். நம் ஆம்பூரில் யாரைக் கேட்டிருந்தாலும் டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பார்கள்.

கலையோ இல்லையோ, புதுசில் அது பலகைதான். நம்மூர்ச் செருப்பு கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவினால் வழிக்கு வரும். இது கடிக்காது, கண்டிக்கும். வளைவு சரியாக உட்காரவில்லை என்றால் உள்ளங்காலில் ஒரு மேடு குத்திக்கொண்டே இருக்கும். முதலில் வீட்டுக்குள் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு கடைத்தெரு வரைக்கும் என்று பழக்க வேண்டும். சில வாரத்தில் கார்க் நம் காலுக்கு இறங்கிக்கொடுக்கும். அப்புறம் மழையில் ஊறவிடக் கூடாது, வெயிலில் காயவைக்கக் கூடாது, கார்க் வெடித்துவிடும்.

இதையேதான் வாங்க வேண்டும் என்றில்லை. கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து ‘பஞ்சு மாதிரி இருக்கு’ என்று மட்டும் ஏமாறாதீர்கள். அந்தப் பஞ்சு ஒரு மணி நேர நடையில் அமுங்கி, அடியில் இருக்கும் கல்லே மேலே வந்துவிடும். கையில் எடுத்து மடக்குங்கள்: விரல் மடங்குகிற இடத்தில்தான் சோல் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கள். ‘லாஸ்ட் பார்த்து ஷூ வாங்கு, லெதர் பார்த்து வாங்காதே’ என்று எனக்குச் சொன்னவரே நீங்கள்தான். என் கட்சி, குதிகாலுக்குப் பின்வார் வேண்டும். அது இருந்தால் விரல்களுக்கு வேலை மிச்சம்.

சித்திக்கு மட்டும் விரலிடுக்கில் கொக்கி வைத்த மாடல் வேண்டாம். மெட்டியும் கொக்கியும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையம் தாண்டுவதற்குள் தோல் உரிந்துவிடும். அகலமான இரண்டு வார்தான் அவர்களுக்கு. சாண்டலுக்குள் சாக்ஸ் போட்டால் சிரிப்பார்களோ என்று கேட்டார்களாம். சொல்லிவிடுங்கள், இந்த நாட்டில் அதுதான் தாத்தாக்களின் சீருடை, ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பிரிட்ஸில் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலுக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன். இலங்கைத் தமிழர்கள் கட்டியது. வாசலில் செருப்பு திருடு போகுமோ என்ற கவலை வேண்டாம். எது நம்முடையது என்ற கவலைதான். எல்லாம் அதே பழுப்பு நிறம், அதே இரண்டு பக்கிள். நான் ஸ்வேட்டில் கறுத்துப் பதிந்திருக்கும் விரல் தடத்தைப் பார்த்துத்தான் எடுப்பேன். என் சுண்டுவிரல் தடம் சற்று விலகி நிற்கும், அப்பாவுக்கு இருப்பது போலவே.

ஆகவே, இங்கே வாங்குவதென்றால், சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் இருவரும் அட்டை மேல் நேராக நின்று, பென்சிலால் இரண்டு காலையும் வரைந்து போட்டோ அனுப்புங்கள். உட்கார்ந்து வரையாதீர்கள், கால் விரியாது. அகலமும் எழுதுங்கள், இங்கே ஒரே சைஸில் அகலக் காலுக்கு ஒன்று, ஒல்லிக் காலுக்கு ஒன்று என்று இரண்டு உண்டு. உங்கள் 8ஆம் நம்பர் இங்கே 42. பில்லில் அந்த 42ஐப் பார்த்து மிரள வேண்டாம், அது விலை இல்லை.

சித்தியிடம் எலுமிச்சை ஊறுகாய் கேட்டதாகச் சொல்லுங்கள். பாட்டில் மூடியை டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
குமார்