புறாவுக்கும் ஒரு பங்களா

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கிலாந்தில் மரியாதை இரண்டு வகை: ஒன்று மனிசருக்கு, மற்றது பழைய செங்கல்லுக்கு. இரண்டாவதுதான் கொஞ்சம் கூட. நாட்டுப்புறப் பங்களாக்களின் பின்வளவில் குதிரை லாயம், சலவைக்கூடம், புறாக்கூடு என்று செங்கல் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். நோஃபோக்கின் ஃபெல்பிரிக் பங்களாவில் புறாவுக்கு எட்டு மூலை வைத்து மாளிகை. அதுவும் கறிக்கு வளர்த்த புறாவுக்கு! பங்களா பாதுகாப்புப் பட்டியலில் ஏறினால், 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே அதன் வளவில் நிற்கும் கொட்டிலுக்கும் அதே பாதுகாப்பு. அனுமதியில்லாமல் இடித்தால் மறியலும் கிடைக்கலாம்.

இதை விசர் என்று சொல்ல முடியாது. பங்களாவின் முன்பக்கம் முதலாளியின் பெருமை. பின்வளவு அவருடைய கணக்குக் கொப்பி; அங்குள்ள கல்லின் அளவிலேயே ஒரு வரிக்கதை இருக்கிறது. அமெரிக்க சுதந்திர யுத்தச் செலவுக்காக 1784இல் செங்கல்லுக்கு எண்ணிக்கைப்படி வரி போட்டார்கள். சூளைக்காரர் சும்மா இருப்பார்களா? கல்லைப் பெருப்பித்தார்கள். அரசும் விடவில்லை, 1803இல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி. 1850இல்தான் வரி ஒழிந்தது. சஃபோக்கில் பாம்புபோல் நெளியும் மதில்களும் கணக்குத்தான்: ஒற்றைக் கல் தடிப்பில் நேராகக் கட்டினால் சரியும், நெளித்தால் நிற்கும். இன்னும் சில தோட்டங்களில் மதிலுக்குள் குழாய்போல் வழிவிட்டு, அடியில் நெருப்பு மூட்டி, பீச் மரத்துக்குக் குளிர்காய வைத்தார்கள். விறகு போட்டவனின் படம் பங்களாவுக்குள் தொங்காது. அவன் வேலைக்கு அந்த மதில்தான் சாட்சி.

“மூத்த மகனுக்கே முழுச் சொத்தும் போன நாட்டில் கொட்டில் தப்பும்; மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிற நம் கல்முனையில் பழைய பட்டறைக்கு வளவு ஏது?” என்று கேட்பாய். நியாயம். வளவு துண்டுபடாததும் இங்குள்ள கொட்டில்களைக் காத்தது. நம் கொட்டில் விழுந்த இடத்தில் ஒரு பிள்ளைக்குக் கூரை எழும்பியது. எட்டு மூலைப் புறாக்கூட்டைவிட அது மேல். மிஞ்சியதிலும் எவ்வளவோ 2004 சுனாமியில் கடல் கொண்டுபோனது, அதுவும் உண்மை. ஆனால் இவை கட்டடம் நிற்காததற்குக் காரணங்கள். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்காததற்கு இவை காரணமாகா. மருதமுனையில் ஒரு பழைய தறிக்கொட்டிலோ, வயலோரத்து நெல்லு மில்லோ இடிபடுமுன் கல்லின் அளவு, சுவரின் தடிப்பு, தறி நின்ற இடம் ஆகியவற்றைக் குறித்து, நாலு படமும் எடுத்தால் நமக்கும் ஒரு கணக்குக் கொப்பி மிஞ்சும். அதற்குச் சட்டமும் வேண்டாம், மறியலும் வேண்டாம். இடிக்க வரும் மேசனிடமே அளவு நாடா இருக்கும். அரைமணி நேரம் இரவல் வாங்கு.

இப்படிக்கு,
உன் மச்சான்