ஐந்தரை அடியில் ஒரு புகார்ப் பெட்டி

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளின் பாதுகாப்பு ஐந்தரை அடி உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. ‘மாணவர் மனசு’ என்று எழுதிய புகார்ப் பெட்டியைத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதில் சீட்டுப் போட வேண்டுமானால் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏற வேண்டும். பெஞ்சில் ஏறினால் முதுகில் ஒன்று விழும். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. ஆகவே அடி வாங்கிய பிள்ளை தாராளமாகப் புகார் எழுதலாம். அதைப் போட மறுபடி பெஞ்சில் ஏற வேண்டும், அவ்வளவுதான். பெட்டி இருப்பது தலைமை ஆசிரியர் அறை வாசலில், சாவியும் அவரிடமே.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பதும் அதே சட்டம்தான். இருக்கிறார்கள், கையெழுத்து நோட்டில். பேசுவது வீட்டுக்காரர்கள். போன கூட்டத்தில் ஆண்டு விழாவுக்குக் கீற்றுப் பந்தலா, ஷாமியானாவா என்று ஒரு மணி நேரம் வாதம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஓர் அம்மா எழுந்தார், டீ வந்துவிட்டது. சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் பொன்னாடைப் படங்கள் மட்டும் பதினெட்டு.

பெற்றோரே, 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண், இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளைக்கு மனப்பாடம் செய்து வையுங்கள். அப்படியே அந்தப் பெட்டியையும் இரண்டடி இறக்குங்கள். ஓர் ஆணி போதும்.