மச்சமுள்ள நூறு டாலர்

பெறுநர்: பேரன்புக்குரிய நாணய மாற்று முகப்பு அவர்கள், பயணக் கப்பல் முனையம்.
பொருள்: நீல மையில் 'சரி' போட்ட 100 டாலர் நோட்டு.

கப்பல் முனையத்தில் பணம் மாற்றுவது நேரத்தை வைத்து நடக்கும் வியாபாரம். காலையில் துறைக்கு வரும் உல்லாசக் கப்பல் சாயங்காலமே கிளம்பிவிடும். இறங்கியவருக்குக் கடை கடையாக விலை விசாரிக்க நேரம் காணாது. வாயிலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படும் கண்ணாடி அறையில் முகப்பு அவர்கள் எழுந்தருளியிருப்பது அவர்மேல் கொண்ட இரக்கத்தினால்தான்.

அறையின் மேல் 'கமிஷன் இல்லை' என்ற பலகை. பொய்யில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. ஒரு பேச்சுக்கு, டாலரை 100க்கு வாங்கி 112க்கு விற்கும் இடத்தில், காலையில் மாற்றிய பணத்தைச் செலவே செய்யாமல் மாலையில் திருப்பிக் கொடுத்தாலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். புக்கெட் தீவுப் பலகைகளில் டாலருக்கே பல விலை: 100, 50 நோட்டுகளுக்கு ஒன்று, 20க்கும் அதற்குக் கீழும் குறைவு, ஒற்றை டாலருக்கு அதைவிட மட்டம்.

அடுத்தது பெண் பார்க்கும் படலம். சென்ற வாரம் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் நீட்டிய நூறு டாலரை முகப்பு அவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள், நகத்தால் சுரண்டினார்கள், ஊதா விளக்கில் திருப்பினார்கள். பிறந்த வருஷம் விசாரிக்கப்பட்டது. 1996க்கு முந்தைய 'சின்னத் தலை' நோட்டென்றால் முதிர்கன்னி. 2013இல் வந்த நீலப்பட்டை நோட்டுக்கே முதல் மரியாதை. இது நீலப்பட்டைதான். ஆனால் ஓரத்தில், எப்போதோ எண்ணியவர் போட்ட 'சரி' அடையாளம். மச்சம்! "செல்லாது" என்று இரண்டு விரலால் வெளியே தள்ளப்பட்டது, வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க. பிறகு, விலையைக் குறைத்தால் ஏற்கலாம் என்று தகவல் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணைக்கு வந்துவிட்டார்கள்.

அமெரிக்க அரசு 1861 முதல் வெளியிட்ட நோட்டுகள் எல்லாமே இன்றும் செல்லும். செல்லாது என்பது பொய். செல்லாத நோட்டை எந்தக் கடைக்காரரும் எந்த விலைக்கும் வாங்க மாட்டார். வயதான ஒருவரைப் பத்துப் பேர் முன்னால் கள்ளநோட்டுக்காரி போல நிற்க வைத்து அடித்த கொள்ளை இது. முகப்பு அவர்கள் மன்னிக்க வேண்டும். அவர்களுடைய கூர்ந்த பார்வை உலகறிந்தது. ஓர் இந்தியர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டுபோக அனுமதிக்கும் ரிசர்வ் வங்கிக்கு, ஒவ்வொன்றுக்கும் மச்சம் பார்க்கத் தோன்றவில்லையே!

பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்குபவருக்கு வேறு வழி உண்டு. விக்டோரியா மணிக்கூண்டைத் தாண்டிச் சற்று நடந்தால் லிட்டில் இந்தியா. அந்த வட்டாரத்துப் பணமாற்றுத் தொழிலில் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். ரிங்கிட்டுக்குத் தமிழிலேயே விலை பேசலாம். பக்கத்துப் பக்கத்துக் கடைகள் போட்டி போடுவதால் அங்கே வித்தியாசம் சுருங்குகிறது. மச்சத்துக்கு அங்கேயும் முகம் சுளிப்பவர் இருக்கலாம், ஆனால் அடுத்த வரன் அடுத்த கடையில்.

நோட்டுக்குப் பதில் கடையில் வங்கி அட்டையை நீட்டினால் கருவி ஒரு கேள்வி கேட்கும்: ரூபாயிலா, ரிங்கிட்டிலா? ரூபாயைத் தொட்டால் மாற்று விலையைக் கடைக்காரர் தரப்பு தன் லாபத்தையும் சேர்த்தே நிர்ணயிக்கும். உள்ளூர் நாணயத்தைத் தொடுவதே நல்லது. அப்போதும் பல இந்திய வங்கிகள் 3.5 சதவீதம் வரை கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்து வைக்காத அட்டை வேலையே செய்யாது.

மிஞ்சும் சில்லறைக் காசுகளைப் பணமாற்றுக் கடைகள் பெரும்பாலும் திரும்ப வாங்குவதில்லை. அவற்றுக்கு வரனே அமையாது. கப்பல் ஏறுமுன் தண்ணீர் பாட்டிலாக மாற்றிவிடுவது உத்தமம்.

அந்தக் குறைந்த விலைக்கு மாற்றியதற்கு ஆசிரியை கேட்ட ரசீது இன்னும் வரவில்லை. அவருடைய முகவரி, பாஸ்போர்ட் நகலோடு, முகப்பு அவர்களின் பதிவேட்டிலேயே இருக்கிறது.