ஈசானிய மூலை யாருடையது?

வாலாஜாபேட்டை பைபாஸ் பக்கம் மனை வாங்க வருகிறவர்கள் தண்ணீர் எத்தனை அடியில் என்று விசாரிக்கிறார்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்ற வாலாஜா ரோடு ஸ்டேஷன் ‘அஞ்சே நிமிஷம்’ என்று புரோக்கர் சொன்னால் நம்புகிறார்கள். வாஸ்துக்காரரை வைத்து ஈசானிய மூலையைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த மூலை தாங்கள் வாங்கும் மனைக்குள்தான் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. கேட்டால், பத்திரத்தில்தான் அளவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது: கிழக்கே இன்னார் நிலம், மேற்கே புளியமரம், வடக்கே ஓடை. இன்னார் காலமாகிப் பேரப்பிள்ளைகள் நாலு கூறு போட்டாயிற்று. புளியமரம் நாலுவழிச் சாலைக்குப் போயிற்று. ஓடை மழைக்கு மட்டும் தலைகாட்டுகிறது. பத்திரம் ஏக்கர், சென்ட்டில் பேசும்; பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும்; புரோக்கர் சதுர அடியில் பேசுவார். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அந்தப் புள்ளி ஆறுக்காகவே அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

சரி, அளக்கலாம் என்றால் யாரை வைத்து? தனியார் சர்வேயர் செயற்கைக்கோளைக் கேட்டு, சென்டிமீட்டர் சுத்தமாகப் படம் போட்டுத் தருவார். வீட்டு பிளானுக்கும் மேடு பள்ளம் பார்க்கவும் அது போதும். ஆனால் நீங்கள் காட்டும் வேலியை மட்டும் அவர் அளந்தால், வேலி இரண்டடி தள்ளியிருக்கும் தப்பும் சென்டிமீட்டர் சுத்தமாகப் படத்தில் ஏறிவிடும். எல்லைத் தகராறில் செல்லுபடியாவது தாலுகா சர்வேயர் அளவுதான். அவர் எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தை விரித்து, இருக்கிற கல்லைப் பிடித்து இல்லாத கல்லின் இடத்தைக் கண்டுபிடிப்பார்; பக்கத்து நிலக்காரருக்கும் தகவல் போகும். பெரிய சர்வே எண்ணில் ஒரு துண்டை வாங்கினால் உட்பிரிவு அளவையும் வேண்டும். வாலாஜாபேட்டையோ 1866லேயே நகராட்சியான ஊர். ஊருக்குள் வாங்கினால் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று கணக்கே வேறு. ஒன்றும் செய்யாமல் கோர்ட்டுக்குப் போனாலும், வக்கீல் கமிஷனர் பெரும்பாலும் அதே தாலுகா சர்வேயரோடுதான் வந்து நிற்பார். கல் அதே, புலப்படம் அதே, செலவு மட்டும் வேறு.

பட்டா இருக்கும்போது அளவை எதற்கு என்பது அடுத்த வாதம். பட்டா வருவாய்க் கணக்கு. வருவாய்ப் பதிவே உரிமையாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியாயிற்று. 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுச் சீரமைப்பில் பெயரும் பரப்பும் மாறிப்போனதைத் திருத்த இன்னும் மனுக்கள் வந்துகொண்டிருக்கின்றன. அளந்தால் பக்கத்துக்காரர் கோபித்துக்கொள்வார் என்றும் சொல்வார்கள். அளக்கும்போது வரும் கோபம் வரப்போடு போகும். சுவர் எழுப்பிய பிறகு வரும் கோபம் வாய்தா வாங்கும்.

தாலுகா சர்வேயர் வர நாளாகிறது என்ற புகாரை மட்டும் நான் மறுக்கமாட்டேன். 1802இல் பரங்கிமலையிலிருந்து சங்கிலி பிடித்து ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்க நில அளவையாளர் லாம்டனுக்கு 57 நாள் பிடித்தது. உங்கள் அஞ்சு சென்ட்டுக்கும் அவ்வளவு நாளா என்று எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த அவகாசத்தை அட்வான்ஸ் அக்ரிமென்ட்டிலேயே எழுதிக்கொள்ளலாம்: அளந்து கல் காட்டிய பிறகே மீதிப் பணம், பரப்பு குறைந்தால் விலையும் குறையும். அளக்கச் சொல்லிப் பட்டாதாரர் இ-சேவை மையத்தில் மனுக் கொடுக்கலாம். கிரயத்துக்கு முன்பே கொடுக்கச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்; அவர் முன்பே அளந்து பார்த்திருக்கக்கூடும்.