வாய் திறவாக் கூட்டணி: கணினிப் போர்க்களத்தில் பேசாமல் தோற்பது குறித்த ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுக்களம்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி ஆட்டம் 1999இல் வெளிவந்தது. அன்றுமுதல் அதில் நால்வர் ஓர் அணியாகவும் நால்வர் எதிரணியாகவும் மோதி வருகிறார்கள். எதிரிகள் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. ஒரே அணியின் நால்வரும் முக்கால் மணி நேரம் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் ஏன் விளையாடுகிறார்கள் என்பதே அறிவுலகம் தீண்டாமல் விட்ட வினா. அக்குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை.

வசதி இல்லை என்று சொல்ல முடியாது. தட்டச்சு உண்டு. வரைபடத்தில் இடத்தைச் சுட்டிக்காட்டும் பொத்தான் உண்டு. அதற்கும் சோம்பல் என்றால் 3 என்று அடித்தால் போதும், உணவு கேட்கும் குரல் ஒலிக்கும். 5 அடித்தால் தங்கம். 11 அடித்தால் சிரிப்பு. 2022இல் வந்த விரிவாக்கத்தில் திராவிடர் என்றொரு தரப்பு சேர்ந்தது. அதன் குடிமக்கள் தமிழிலேயே பதில் சொல்வார்கள். விறகு வெட்டச் சொன்னால் பொம்மைகூட வாய் திறக்கிறது. காப்பாற்றச் சொன்னால் கூட்டாளி திறப்பதில்லை.

2. முன்னோர் நெறி

இந்த மௌன மரபுக்குக் குலப்பெருமை உண்டு. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்ற போர் விளையாட்டில், படைகள் தள்ளி நின்றால் ஒரே அணியினரும் நேரில் பேசிக்கொள்ளக் கூடாது. சீட்டு எழுதி நடுவரிடம் தர வேண்டும். குதிரைத் தூதன் போய்ச் சேர ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, நடுவர் அதைத் தாமதமாகவே சேர்ப்பிப்பார். அது விதியால் வந்த மௌனம். நம்மவர்கள் விதியின்றியே அந்நிலையை எய்திவிட்டார்கள்.

மெய்யான போரிலும் சான்று உண்டு. 1914 ஆகஸ்டில் ரென்னென்காம்ப், சாம்சோனோவ் என்ற இரு தளபதிகளின் ரஷ்யப் படைகள் கிழக்குப் பிரஷ்யாவுக்குள் நுழைந்தன. ஒன்றுக்கு ஒன்று கைகொடுக்கவில்லை. சாம்சோனோவின் படை டானென்பெர்க்கில் சுற்றிவளைக்கப்பட்டு அழிந்தது. ரஷ்யர்கள் சங்கேதம் இல்லாமலே வானொலியில் அனுப்பிய செய்திகளை ஜெர்மானியர் ஒட்டுக்கேட்டார்கள். கூட்டாளிக்கு எட்டாத திட்டம் எதிரிக்கு எட்டியது.

3. மௌனிகள் நால்வகையினர்

அ) மதில் மௌனி: அணியின் நடுவிடத்தில், 'பாக்கெட்' என்னும் பாதுகாப்பான நிலையில் இருப்பவர். ஓரத்துக் கூட்டாளியின் ஊர் எரியும்போது இவர் வயலுக்கு மேல் வயல் போட்டுக்கொண்டிருப்பார்.

ஆ) சுட்டு மௌனி: வரைபடத்தில் ஓரிடத்தைச் சுட்டிக்கொண்டே இருப்பார். 'இங்கே வா', 'இங்கே வராதே', 'இங்கே காட்டுப்பன்றி', 'இங்கே நான் செத்துக்கொண்டிருக்கிறேன்' என நான்கு பொருளுக்கும் ஒரே சைகை. உரையாசிரியர் தேவைப்படும்.

இ) கொடை மௌனி: தங்கம் இல்லாமல் தவிப்பவருக்கு மரம் அனுப்புவார். சந்தையில் மேம்பாடு செய்யாதவரை அனுப்புவதற்கு 30 சதவீதக் கட்டணம் உண்டு. ஆகவே 100 மரம் தர 130 மரம் இழப்பார். கேட்டிருந்தால் மிச்சம்.

ஈ) துறவு மௌனி: சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டத்தை விட்டு வெளியேறுவார். அவர் இவ்வளவு நேரம் இருந்தார் என்பதே அப்போதுதான் தெரியவரும்.

4. கணிதச் சான்று

பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர் 1916இல் வெளியிட்ட நூலில் விளக்கிய விதிப்படி, தூரத்திலிருந்து சுடும் படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. எதிரியிடம் 40 வில்லாளிகள். நம் இருவரிடமும் ஆளுக்கு 20. சேர்ந்து போனால் சரிக்குச் சரி. ஒருவர் தோற்ற பிறகு மற்றவர் போனால், நாம் இருவரும் அழிந்து, எதிரியிடம் சுமார் 28 பேர் மிஞ்சுவார்கள். அந்த 28 பேரும் மௌனத்தின் விளைச்சல்.

சந்தை கட்டிவிட்டால் கூட்டாளி காண்பது நமக்கும் தெரியும் என்பதைக் கவனிக்க. ஆகவே குறை பார்வையில் இல்லை. அவர் படை நிற்பது தெரிகிறது. எப்போது கிளம்பும் என்பது தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்றைத்தான் வாய் சொல்ல வேண்டும்.

5. எதிர்வாதமும் மறுப்பும்

'இரு கையும் போரில் இருக்கும்போது தட்டச்சு செய்வது எங்ஙனம்?' என்பர் எதிர்வாதிகள். நியாயமே. ஆனால் முக்கால் மணி நேரம் ஓர் எழுத்து அடிக்க நேரமில்லாதவர், தோல்வி உறுதியான கடைசி நிமிடத்தில் கூட்டாளிகளின் பிழைகளை வரிசைப்படி எழுதுகிறார். இதைப் போருக்கு நடுவிலேயே செய்கிறார், பிழையின்றியும் செய்கிறார்.

இதிலிருந்து நாம் நிறுவுவது: மௌனம் கவனக்குறைவு அன்று, முன்னேற்பாடு. திட்டம் சொன்னவன் தோல்வியில் பங்காளி ஆகிறான். சொல்லாதவன் சாட்சி ஆகிறான். பங்காளியாக இருப்பதைவிடச் சாட்சியாக இருப்பது சௌகரியம்.

6. முடிவும் பரிந்துரையும்

ஆட்டம் தொடங்கும்போது மூன்று செய்திகள் போதும்: என்ன படை செய்கிறேன், யாரை அடிக்கப் போகிறேன், எந்த நிமிடத்தில் கிளம்புவேன். மூன்றையும் அடிக்க அரை நிமிடம் ஆகாது. அதையும் செய்ய மனமில்லாதவர்கள் தோற்ற பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.