கார்ப்பரேட்டர மாத்து மாப்ள, மாத்து!

வாய்யா மாப்ள. கார்ப்பரேட்டரப் புதுசா மாத்திட்டியாமே? ரொம்ப நல்ல காரியம். கடைக்காரனும் பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணுமில்ல. பிளக்கு நாலும் புதுசு, காயிலும் புதுசுன்னு கேள்விப்பட்டேன். வண்டி மட்டும் பழையபடி மூணு அடி அடிச்சுட்டு நாலாவது அடிக்கு லீவு போடுது, அப்படித்தானே?

பழைய மகேந்திரா எஃப்.சி. 150 வாங்குனவன் ஊருக்கே படியளக்கிற தர்மப்பிரபு மாப்ள. 1965-ல வந்த மாடலு. வில்லிஸ் ஜீப்புல இருந்த அதே ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினு, 2200 சி.சி. அதத் தூக்கி டிரைவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவுல வச்சு மூடி போட்டிருக்கான். சித்திரை வெயில்ல இடது தொடை பாதி வெந்துரும். இம்புட்டுப் பக்கத்துல உக்காந்து எஞ்சினு வாய்விட்டுச் சொல்லியும் உனக்குக் காதுல விழல பாரு, அதான் அதிசயம்.

இன்னும் மாத்தாதது என்னென்ன பாக்கி? ரேடியேட்டர், ஸ்டியரிங், முன் கண்ணாடி. அதையும் மாத்திரு. அப்பவும் மிஸ் அடிச்சா டிரைவர மாத்துவோம்.

நடுவுல பொழுது போகலன்னா ஒன்னு செய்யி. எஞ்சின ஸ்லோவுல ஓடவிட்டு, பிளக் ஒயர ஒன்னொன்னாக் கழட்டி மாட்டு. கழட்டுனதும் எஞ்சின் தொய்ஞ்சு நடுங்குனா அந்தச் சிலிண்டர் வேலை பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. கழட்டுனாலும் மாட்டுனாலும் ஒரே மாதிரி ஓடுதா? அவன்தான் வேலைக்கு வராமச் சம்பளம் மட்டும் வாங்குற ஆளு. வெறுங்கையால மட்டும் பிடிச்சிராத, இன்சுலேஷன் போட்ட குறடு வச்சுக்க. உங்க பெரியப்பன் ஒருநாள் கையால பிடிச்சாரு. அன்னைக்கு அவரு வாயில வராத கெட்டவார்த்தை இனிமேத்தான் பொறக்கணும்.

சம்பளக்காரன் ஆருன்னு தெரிஞ்சதும் அவன் பிளக்கை இன்னொரு சிலிண்டர்ல மாட்டிப் பாரு. நோவு பிளக்கு கூடவே நகந்து போச்சுன்னா பிளக்கு. அங்கயே கிடந்தா ஒயரு, இல்ல வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் ரெண்டும் சேந்து படுத்துருச்சா? ஹெட் கேஸ்கட் நடுவுல ஊதியிருக்கலாம். இல்லாட்டி, நீ ஒயர இடம் மாத்திச் சொருகியிருப்ப. ஒன்னு, மூணு, நாலு, ரெண்டு. இந்த எஞ்சின் அடிக்கிற வரிசை இதுதான். நீ ஒன்னாங்கிளாஸ்ல படிச்ச வரிசை இங்க செல்லாது.

நாலு சிலிண்டரும் ஒத்துமையாத் தடுமாறுனா டெல்கோ மூடிய, அதான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய, கழட்டு. ஊரே கார்ப்பரேட்டர் கோளாறுன்னு சொல்றதுல பாதி அந்தக் கருப்பு மூடிக்குள்ளதான் ஒளிஞ்சு கிடக்கும். பாயிண்ட் இடைவெளி அங்குலத்துல ஆயிரத்துல 20 பங்கு இருக்கணும். நீ கல்யாணப் பத்திரிகையக் கிழிச்சு வச்சு அளந்திருப்ப, உன் லட்சணம் எனக்குத் தெரியாதா? ஒரு ஃபீலர் கேஜ் வாங்கு. கார்ப்பரேட்டருக்குக் குடுத்த காசுல தெருவுக்கே வாங்கிக் குடுத்திருக்கலாம். பாயிண்ட் முகம் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழின்னு இருந்தா கண்டன்சர் மேல கண்ணு வையி. அத விட்டுட்டு உப்புத்தாளால தேச்சு மட்டும் மாட்டுனா சீக்கிரமே திரும்ப வருவ. வா, காப்பி போடச் சொல்றேன். டெல்கோ தண்டையும் விரலால ஆட்டிப் பாரு. புஷ் தேஞ்சு ஆடுச்சுன்னா நீ எம்புட்டு அளந்து வச்சாலும் சிலிண்டருக்கு ஒரு இடைவெளி காட்டும்.

புதுக் கார்ப்பரேட்டர மாட்டுனயே, அடியில பழைய கேஸ்கட்டையே போட்டு முடுக்கிட்டியோ? அப்படின்னா காத்து எடுக்கும். ஸ்லோவுல நடுங்கும், மிதிச்சா ஒன்னுமே தெரியாத பிள்ளை மாதிரி ஓடும். அப்புறம் பங்குல இப்ப ஊத்துற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். உன் வண்டி ரப்பர் குழாய்க்கு அந்தப் பேரே தெரியாது. ஊறி உப்பி உள்ளுக்குள்ள உதிரும், உதிர்ந்த தூளு ஜெட்டுல போய்க் குந்திக்கும்.

டாப்பட்டு சத்தம் போடுதுன்னு இறுக்கிட்டதா உன் தம்பி சொன்னான். பேஷ். இந்த எஞ்சினுல இன்லெட் வால்வு மேல ஹெட்டுல, எக்ஸாஸ்ட் வால்வு கீழ பிளாக்குல. எஞ்சின் ஆறுன பெறகு இடைவெளி மேல 18, கீழ 16, அதே ஆயிரத்துக் கணக்குத்தான். இறுக்கிப்புட்டா சூட்டுல வால்வு நீண்டு முழுசா மூடாது, ஓரம் கருகும், கம்ப்ரஷன் போயிரும். அதுக்கப்புறம் தங்கத்துல பிளக்கு போட்டாலும் அந்தச் சிலிண்டர் எந்திரிக்காது. லேசாச் சத்தம் கேட்டா சந்தோசப்படு மாப்ள, சத்தமே இல்லாதப்பத்தான் பயப்படணும்.

அது கெடக்கட்டும். கழட்டுன பழைய கார்ப்பரேட்டர் எங்க? சீட்டுக்குப் பின்னாலயா? ஐயையே, துருப்பிடிச்ச குப்பை, அது உனக்கெதுக்கு? என் திண்ணையில போட்டுட்டுப் போ. போடியில ஒரு ஜீப்புக்காரன் ஒரிஜினல் கெடைக்குமான்னு என் உசுர எடுக்குறான். பழைய காயிலும் கூட இருந்தா அதையும் எறக்கிரு, வண்டிக்குப் பாரமாவது குறையும்.